‘இல்லை’க்கு ஒரு தனி வரி

முதலாளி போட்ட கத்தலில் மெஷின் ரூமில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். விஷயம் ஒரே ஒரு சொல். அதை மேல் வரியோடு சேர்க்க மாட்டேன் என்று நான் உட்கார்ந்திருந்தேன்.

திருத்துறைப்பூண்டி அச்சகம் ஒன்றில் டி.டி.பி. ஆபரேட்டராகவே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. நினைவஞ்சலி போஸ்டரில் எங்கள் தொழிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளை இடம் தெரியக் கூடாது. வரிகளை இரண்டு ஓரமும் முட்ட ஜஸ்டிஃபை செய்து, மிச்ச இடத்தைப் பூவோ மெழுகுவத்தியோ வைத்து அடைத்துவிடுவோம். கவிதையும் அதில் தப்பாது.

அன்று வந்தவள் ஸ்டெல்லா, பள்ளிக்கூட டீச்சர். காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு போஸ்டர். அவளே எழுதிய மூன்று வரி:

அம்மா நட்ட வயல்
எங்களுடையது
இல்லை

“இல்லைக்கு ஒரு தனி வரியா? மேல ஏத்தும்மா,” என்றார் முதலாளி.

ஏற்றிப் பார்த்தேன். தாலுகா ஆபீஸ் பதில் மாதிரி இருந்தது. ‘அம்மா’வுக்குப் பிறகு உடைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் உடைத்தபடியே விட்டால், ‘எங்களுடையது’ என்று படித்த கண் கீழே இறங்கும்வரை வயல் அவர்களுடையதாகவே இருக்கிறது. பிறகுதான் பறிபோகிறது. வரியை உடைப்பது இதற்குத்தான்.

முதலாளிக்கும் அது புரிந்துவிட்டது. அதனால்தான் பயந்தார். “ஒங்கம்மா நட்ட நெலத்துக்காரரு நம்ம கஸ்டமருங்க டீச்சர். ரெண்டாவது வரியில நின்னா, நெலத்தக் கேக்குற மாதிரில்ல இருக்கு?”

ஸ்டெல்லா அசையவில்லை. “ஒரு மூச்சு நேரமாவது அது எங்கம்மாவோடதா இருக்கட்டுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மாவும் நடவுக்குப் போனவள்தான். “சேக்கணும்னா நீங்களே உக்காந்து அடிச்சுக்குங்க சார்,” என்று எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். அவருக்குக் கம்ப்யூட்டரில் கை வைக்கவே தெரியாது. கத்தி ஓய்ந்து, பிரிண்டுக்கு அனுப்பச் சொன்னார்.

போஸ்டர் ஒட்டிய மறுநாள் நிலத்துக்காரரே கடைக்கு வந்துவிட்டார். “ஏம்மா, ரெண்டாவது வரியில எதுக்கு நிறுத்துனீங்க?”

“நீங்க அங்க நின்னீங்களாய்யா?”

“நின்னேன். திக்குன்னு இருந்துச்சு.”

“அப்ப வரி சரியான எடத்துலதான் ஒடஞ்சிருக்குங்க,” என்றேன். முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கவிதை வந்தால் முதலில் வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவர் என்டர் தட்டிய இடத்தில் பேக்ஸ்பேஸ் தட்டாதீர்கள். முதலாளி கத்துவார். கத்தட்டும்.