ஒரு சாண் இடப்பக்கம்

பாக்கார் ஆராங்கில் உள்ள என் வீட்டுக்குச் சென்ற மாதம் ஒரு டீசல் ரயில் எஞ்சின் வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்து வாங்கினார். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. என் மனைவி பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னொண்ணா? போன வாட்டி வந்ததும் இதே மாதிரிதானே இருந்துச்சு?”

இதே மாதிரி இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நம் மலேசிய மீட்டர் பாதையில் ஓடிய பழைய டீசல் வண்டிகளை மாதிரியாகச் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறது. அதிலும் வட்டாரத்துக்கு ஒரு வகை. தெற்கே ஓடியதற்கு ஹாரன் கூரையின் நடுவில். கிழக்குக் கரையின் காட்டுப்பாதையில் ஓடியதற்கு முன்விளக்கின் மேல் ஒரு தகரக் குல்லா. எங்கள் கெடாப் பக்கம் ஓடியதற்கு டிரைவர் ஜன்னலின் கீழே பெயிண்ட் உரிந்த தழும்பு. ஒற்றைப் பாதை அது. எதிரே வண்டி இல்லை, போகலாம் என்பதற்கு அடையாளமான சாவி வளையத்தை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஓட்டத்திலேயே கைமாற்றுவார்கள். வளையம் இடித்து இடித்து உண்டான தழும்பைக்கூட அந்தக் கம்பெனிக்காரன் விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதன் இதைப் பார்த்துக் கண் கலங்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். கலங்கினேன்.

பெட்டிக்குள் ஒரு விளக்கத்தாளும் இருந்தது. அதன் கடைசி வரியில், ‘வட பகுதிப் பணிமனைகளில் கூடுதலாகப் பொருத்தப்பட்ட விளக்குக் கொக்கி’ என்று போட்டிருந்தது. முன்விளக்குக்கு நேர் கீழே, எறும்பின் கால் அளவுக்குப் பித்தளையில் ஒரு கொக்கி.

பணிமனைகள் என்று பன்மையில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொக்கி இருந்தது ஒரே ஓர் எஞ்சினில். அதில் யாரும் விளக்கு மாட்டியதில்லை. அதைப் பற்றவைத்தவர் என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுங்கை பட்டாணி ரயில் யார்டில் பிட்டர் வேலை. நாங்கள் அப்போது ஊருக்கு வெளியே ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். சனிக்கிழமைகளில் மாமா என்னை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்து யார்டுக்குக் கொண்டுபோவார். எனக்குப் பதினொரு வயது. மற்ற பிள்ளைகள் ரயிலைப் பார்த்தால் கையசைப்பார்கள். நான் எண்ணுவேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை சக்கரம், ரேடியேட்டர் தடுப்பில் எத்தனை பட்டை, படிக்கட்டில் எத்தனை திருகாணி என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. யாராவது ‘ரயில் புகை விடுது’ என்று சொன்னால், அது புகை அல்ல, எரியாத டீசல் என்று திருத்துவேன். எனக்கு நண்பர்கள் இல்லாததற்கு அவர்களுடைய அறியாமைதான் காரணம் என்று உறுதியாக நம்பினேன்.

யார்டில் ஆண்டுதோறும் ஆயுத பூஜை நடக்கும். எஞ்சினைக் கழுவி, மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கைப்பிடிக் கம்பியில் மாலை கட்டுவார்கள். மலாய்க்காரர்களும் சீனர்களும் சுண்டலுக்கு வரிசையில் நிற்பார்கள். பிறகு வண்டி எலுமிச்சையை நசுக்கிக்கொண்டு அலோர் ஸ்டார் பக்கம் புறப்படும்.

ஒரு வருடம் அந்த மாலை சரியாகக் கட்டப்படவில்லை. குருண் ஸ்டேஷன் வருவதற்கு முன் கயிறு அவிழ்ந்து மாலை தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. டிரைவருக்கு அதன்மேல் வண்டியை ஏற்ற மனம் வரவில்லை. பயணிகளோடு வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், மாலையை எடுத்து, உதறி, மறுபடியும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார். வண்டி தாமதமானதற்கு, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அவர் மலாய்க்காரர். எல்லோரும் அவரைத் துவான் என்பார்கள். பெரிய மனிதர்களை அப்படித்தான் அழைப்பது. ‘மாலை’ என்பதை அந்த விளக்கத்தில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதினாரோ, தெரியாது.

அடுத்த சனிக்கிழமை நான் போனபோது அந்த எஞ்சினின் மூக்கில் ஒரு கொக்கி இருந்தது. மஞ்சள் பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. மாமா யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ரகசியம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அன்று மாலையே எஸ்டேட் முழுக்கச் சொல்லியிருப்பேன். மாமாவுக்கு என்னைத் தெரியும். சர்க்கார் எஞ்சினில் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு திருகாணியைச் சேர்த்தாலும் வேலை போய்விடும் என்பது யார்டில் பூனைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது.

அந்த வருடம் தமிழ்ப்பள்ளிகளுக்கு இடையே மாதிரி செய்யும் போட்டி வந்தது. தலைப்பு போக்குவரத்து. முதல் பரிசு பெறும் மாதிரியைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் வைப்பார்கள் என்று அறிவித்தார்கள். போட்டி முடிந்துவிட்டது, இனி முடிவைச் சொல்வதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் உழைத்தேன். பிஸ்கட் டின்னில் உடல், நூல்கட்டைகளை அறுத்துச் சக்கரம், கொசுவலைக் கம்பியில் ரேடியேட்டர் தடுப்பு, பேனா முனைகளில் ஹாரன். அம்மாவின் கொண்டை ஊசிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. “என் தலைய விரிச்சுப் போட்டு ரயில் ஓட்டுறியா நீ?” என்று அம்மா தினமும் கத்தினார். கடைசி ஊசியை வளைத்துக் கொக்கி செய்து, எஞ்சினின் மூக்கில், முன்விளக்கிலிருந்து இடப்பக்கம் தள்ளி, அசலில் இருந்த அதே இடத்தில் ஒட்டினேன். என் கணக்கில் அதுதான் துருப்புச்சீட்டு. இந்த நாட்டில் வேறு எவனுக்கும் தெரியாத விவரம்.

நடுவராக வந்தவர் துவான். கூடவே கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கிராணி, கையில் குறிப்பேட்டோடு. என் மேசைக்குப் பின்னால் மாமா சிவப்புச் சர்பத்தான சிராப் தண்ணீர்க் கிளாசோடு நின்றார். எனக்குப் பெருமை சேர்க்க விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மாதிரியை அதுவரை அவர் பார்த்ததில்லை. துணியால் மூடி வைத்திருந்தேன். துவான் வந்ததும் துணியை இழுத்தேன்.

துவான் குனிந்து பார்த்தார். சக்கரங்களை எண்ணினார். தழும்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவருடைய விரல் மூக்குப் பக்கம் வந்து நின்றது. இது என்ன என்று மலாயில் கேட்டார்.

கொக்கி, துவான், மாலை மாட்டுவதற்கு என்றேன், பள்ளிக்கூட மலாயில்.

“ஏன் நடுவில் வைக்கவில்லை?”

“நடுவில் வைத்தால் மாலை நம்பரை மறைத்துவிடும், துவான்.”

துவானுக்கு இருமல் வந்தது. கிராணி குறிப்பேட்டைத் திறந்தார். எஞ்சினில் இப்படி ஒன்று உண்டா, எந்த எஞ்சின் என்று அவர் கேட்டார். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னிடம் அவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்டதில்லை. எஞ்சினின் நம்பரை இலக்கம் இலக்கமாகச் சொன்னேன். ஓர் இலக்கம்கூடப் பிசகிவிடக் கூடாதே என்று குறிப்பேட்டை எட்டியும் பார்த்தேன். யார் பொருத்தியது என்று அடுத்துக் கேட்பார், அதையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தபடி நின்றேன்.

அதற்குள் துவான் நிமிர்ந்து, எனக்குப் பின்னால் பார்த்தார். நீ யார்டில் வேலை செய்பவன்தானே, இப்படி ஒரு கொக்கி இருக்கிறதா என்று மாமாவைக் கேட்டார்.

“தாக் அடா, துவான்,” என்றார் மாமா. இல்லை என்பதை மலாயில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கிளாசை என் மேசைமேல் வைத்தார். “பையன் அழகுக்குச் சேர்த்திருக்கிறான்.” பிறகு என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தமிழில், “கற்பனை ஜாஸ்தி இவனுக்கு. சும்மா இருலா,” என்றார்.

துவான் சிரித்தார். கிராணியும் சிரித்து, எழுதியதை அடித்தார்.

எனக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு தெர்மோகோலில் செய்த ஒரு பினாங்கு ஃபெரிக் கப்பலுக்கு. அதற்கு அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியே கிடையாது. புகைபோக்கியில் பஞ்சு வைத்திருந்தார்கள். பஞ்சு!

மாமாவோடு நான் பேசவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுத் துவானுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன். ‘துவான் ஒரு தவறு செய்துவிட்டார்’ என்று தொடங்கியது அது. கொக்கியின் படம், அளவு, எஞ்சின் நம்பர், அதை நேரில் பார்க்க எந்த நாளில் எந்தத் தண்டவாளத்தருகே வர வேண்டும் என்ற விவரம், பொருத்தியவர் பெயர், அவருடைய வேலை எண் எல்லாம் அதில் இருந்தன. ஒரு சாட்சி பொய் சொல்கிறார் என்பதையும் அடிக்கோடிட்டிருந்தேன். எங்கள் எஸ்டேட்டில் தபால்பெட்டி இல்லை. தினமும் ஸ்டேஷனுக்குப் போகிறவர் மாமாதான். எனவே பேசாமல் இருந்த விரதத்தைத் தற்காலிகமாக நிறுத்தி, கடிதத்தை அவரிடமே கொடுத்தேன்.

மாமா அதை நின்றுகொண்டு படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

“கையெழுத்து முத்து மாதிரி இருக்குடா,” என்றார் கடைசியில். “ஸ்டாம்பு நான் ஒட்டிக்கிறேன். வேற யாருக்காச்சும் எழுதியிருக்கியா?”

“இன்னும் இல்ல.”

“எழுதாத. ஒருத்தருக்குத்தான் எழுதணும். அப்பத்தான் மரியாதை.”

அன்று ஸ்டேஷன் எதிரே மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் எனக்கு மீ கோரெங் நூடுல்ஸும், சீவிய பனிக்கட்டியில் ஐஸ் கச்சாங்கும், அது முடிந்ததும் இன்னொரு ஐஸ் கச்சாங்கும் வாங்கித் தந்தார். என் மலாயை மெச்சித்தான் இந்த விருந்து என்று நினைத்துக்கொண்டேன். அதன்பின் தினமும் துவானின் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. தோற்றவர்கள் பதில் எழுத மாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குத் துவானே விருந்தாளியாக வந்தார். மாலையைப் போடும் மரியாதையை அவருக்குத்தான் கொடுத்தார்கள். மரப்பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்று, பின்னால் இருந்த யாரிடமோ பேசிக்கொண்டே, பார்க்காமலேயே கையை நீட்டினார். மாலை நேராகக் கொக்கியில் போய் விழுந்தது.

“பாத்தீங்களா! இருக்கு! இருக்குல்ல!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு நான் கத்தினேன். மூன்றாவது ‘இருக்கு’ வெளியே வரவில்லை. மாமா ஒரு கை நிறையச் சுண்டலை என் வாயில் அடைத்திருந்தார்.

அந்த எஞ்சின் போய்விட்டது. துவானும் இப்போது இல்லை. கொக்கியைப் பற்றி மாமாவிடம் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். என் கல்யாணத்தன்று, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், ஒருமுறை அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டிலின் அருகே. “என்ன கொக்கி?” என்பார். அவ்வளவுதான். ஓய்வூதியம் தங்கு தடையின்றி வந்துகொண்டிருந்தது. அதன் வழியில் குறுக்கே நிற்க ஒரு கொக்கியை அவர் அனுமதிப்பதாக இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை புது எஞ்சினை எடுத்துக்கொண்டு பெண்டாங் போனேன். மாமா அங்கே தன் மகள் வீட்டில் இருக்கிறார். மேசைமேல் வைத்து, விளக்கத்தாளையும் படித்துக் காட்டினேன். வட பகுதிப் பணிமனைகள் என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எஞ்சினைக் கையில் தூக்கி, மூக்கை மூக்கருகே வைத்துப் பார்த்தார். இந்த முறையும் என்ன கொக்கி என்றுதான் கேட்பார் என்று காத்திருந்தேன்.

“தப்பா வெச்சிருக்கான்,” என்றார்.

“என்னது?”

“நடுவுல வெச்சிருக்கான் பாரு. கூறு கெட்டவன். ஒரு சாண் எடது பக்கம் வரணும்.”

ஒரு சாண் என்றால் இந்த அளவில் இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம். மூன்று நாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் அது படவில்லை. பதினொரு வயதில் பட்டிருக்கும். ஆனால் அப்போது என்னைத் தூக்கிவாரிப்போட்டது அது அல்ல. நாற்பது வருடம் இல்லாதிருந்த கொக்கி அந்த நொடியில் இருந்துவிட்டது.

“நடுவுல வெச்சா நம்பர் மறையும்ல,” என்று மாமா தொடர்ந்தார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. தொழில் கோபம். “நானும் மொதல்ல நடுவுலதான் வைக்கப் போனேன். துவான்தான் வேணாம்னு சொல்லிட்டு, சாக்கட்டிய எடுத்து எடத்தக் குறிச்சுக் குடுத்தாரு. மஞ்சப் பெயிண்டு ஸ்டோர்லேருந்து வந்ததும் அவரு சொல்லித்தான். இன்னொரு தடவ குருண்ல வண்டி நின்னா என் தல போயிரும்னாரு.”

மாமா எஞ்சினை என் பக்கம் தள்ளினார்.

“நீ அன்னிக்கிச் சரியாத்தான் வெச்சிருந்த.”

அன்று போட்டியில், மாமாவை விட்டால் கொக்கியைப் பற்றி அறிந்தவன் அந்த மேசையருகே நான் ஒருவன்தான் என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அறியாத ஒரே ஆள் அந்தக் கிராணி. அவருக்குத்தான் நான் எஞ்சின் நம்பரை ஓர் இலக்கமும் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும், தத்தம் வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, என் பிஸ்கட் டின் கோலாலம்பூர்க் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஃபெரியில் விசிறி இல்லையே என்று மனம் கொதித்தேன்.