‘ரூஸ்’ இசைத்தட்டில் இல்லாத குரல்

எவால்ட் பியோன்டெக் பாடி நான் முதலில் கேட்டது எங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக் குளியல் கூடத்தில். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் இருநூறு பேர் ஒன்றாகக் குளிப்போம். எங்கள் உடுப்புகள் சங்கிலியில் கட்டப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கும். முதுகில் கைக்கு எட்டாத இடத்துக் கரியை ஒருவருக்கொருவர் தேய்த்துவிடுவது வழக்கம். எவால்ட் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே பாடுவான். கரகரத்த குரல். உச்சிக்குப் போகும்போது உடைந்துவிடும் போலிருக்கும், ஆனால் உடையாது. அவன் பாடத் தொடங்கினால் குழாய்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்.

அமெரிக்கச் சிப்பாய்களின் வானொலியில் கேட்டுக் கற்ற ப்ளூஸ் பாட்டுகள் அவை. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. காதில் விழுந்த சத்தத்தை ஜெர்மன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவான்.

“அர்த்தம் என்னடா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? பொண்டாட்டி ஓடிட்டா, மழை பெய்யுது, ரயிலு போயிடுச்சு. எல்லாப் பாட்டும் இந்த மூணுல ஒண்ணுதான்.”

நான் டிரம்ஸ் அடிப்பவன். 1968இல் நாங்கள் ஒரு குழு சேர்த்தோம். மருந்துக்கடைக்காரர் மகன் யோஹென் கிட்டார். தபால் ஆபீசில் வேலை பார்த்த ரைனர் பேஸ் கிட்டார். எவால்ட் பாட்டும் மவுத் ஆர்கனும். குழுவுக்கு ‘ரூஸ்’ என்று பெயர் வைத்தோம். எங்கள் ஊர் ஜன்னல்களிலும், காயப்போட்ட துணிகளிலும், எங்கள் மூக்கிலும் படிந்திருந்த கரிப்புகைக்கு அதுதான் பெயர்.

எவால்டின் அப்பா அலோயிசும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டதால் வீட்டோடு இருந்தார். மகன் பாட்டை அவர் ஒருதரம்கூட வந்து கேட்டதில்லை. “சண்டையில நம்ம ஊர்மேல குண்டு போட்டவன் பாஷையில ஊளையிடுறியே, உனக்கு வெக்கமா இல்ல?” என்பார்.

1970 பிப்ரவரியில் ஹாம்பர்க்கிலிருந்து ஓர் இசைத்தட்டு நிறுவனம் எங்களை அழைத்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் எட்டுப் பாட்டு. எவால்ட் நன்றாகப் பாடினான். கடைசிப் பாட்டில் ஒலிப்பதிவுக்காரரே எழுந்து நின்று கேட்டார். திங்கள் காலை ஷிப்டுக்குப் போக வேண்டியிருந்ததால் அவன் ஞாயிறு மதியமே ரயில் ஏறினான். நான் விடுப்பு எடுத்திருந்தேன்.

தயாரிப்பாளர் ஃபால்கென்ரீட் திங்கட்கிழமை எங்கள் மூவரையும் உட்காரவைத்தார்.

“பையனுக்குக் குரல் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அவன் பாடுற இங்கிலீஷை எந்த இங்கிலீஷ்காரனும் கேக்க மாட்டான். லிவர்பூல்காரன் ஒருத்தன் இங்கதான் இருக்கான். இவன் குரலை எடுத்துட்டு அவன் பாடிடட்டும். சம்மதமா, இல்ல மூட்டையைக் கட்டுறீங்களா?”

“எவால்ட்டுகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே” என்றான் ரைனர்.

“அவனுக்குப் போன் இருக்கா?”

இல்லை. தந்தி அடித்திருக்கலாம். ஒரு நாள் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். யோஹென் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சம்மதம் என்று முதலில் கை தூக்கியது நான். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. மறுபடி அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது என்பதைத் தவிர என் தலையில் வேறொன்றும் இல்லை.

மவுத் ஆர்கனை மட்டும் அப்படியே விட்டார்கள். லிவர்பூல்காரனுக்கு அது வாசிக்கத் தெரியாது.

மூன்று மாதம் எங்களில் யாரும் எவால்டிடம் சொல்லவில்லை. குளியல் கூடத்தில் அவன் என் முதுகைத் தேய்த்துக்கொண்டே, “தட்டு எப்படா வரும்?” என்று கேட்பான். “வந்துரும்” என்பேன்.

மே மாதம் தட்டு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் எவால்ட் தன் வீட்டுக்குத் தெருக்காரர்களை எல்லாம் கூப்பிட்டிருந்தான். அவன் மனைவி கெர்லிண்ட் உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் செய்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து ரெக்கார்ட் பிளேயர் வந்திருந்தது. எல்லாவற்றையும்விட ஆச்சரியம், அலோயிஸ் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டு, மூச்சு வாங்கியபடி, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். யோஹெனும் ரைனரும் ஏதோ சாக்குச் சொல்லி வரவில்லை. எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை.

எவால்ட் தட்டைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டான். முதலில் மவுத் ஆர்கன் எழுந்தது. கூட்டம் கைதட்டியது. “நம்ம ஆளுடா!” என்று ஒருவர் கத்தினார். பிறகு பாட்டு வந்தது. வழவழப்பான, மெல்லிய, வேறொருவன் குரல்.

கைதட்டல் நின்றது. எவால்ட் பிளேயரின் மேல் குனிந்தபடியே இருந்தான். அவன் கழுத்து மெல்லச் சிவந்ததை நான் பார்த்தேன்.

அலோயிஸ்தான் பேசினார். “இது நம்ம எவால்ட் இல்லையே.”

“நான்தாம்பா” என்றான் எவால்ட். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. “மெஷின்ல போனா குரல் மாறிடும். எல்லாருக்கும் அப்படித்தான். என்ன வோல்க்மார்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா” என்றேன். “மெஷின் அப்படித்தான் பண்ணும்.”

“அப்படியா!” என்று யாரோ வியந்தார்கள். கெர்லிண்ட் மட்டும் சாலட் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். எவால்ட் தட்டைத் திருப்பிப்போட்டு இரண்டாம் பக்கத்தையும் முழுக்க ஓடவிட்டான். எல்லாருக்கும் பீர் எடுத்துக் கொடுத்தான், எனக்கும்தான். கிளம்பும்போது அலோயிஸ் மகன் தோளில் கை வைத்து, “நல்லா இருக்குடா. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா நல்லா இருக்கு” என்றார். அந்த ஆண்டு இறுதியில் அவர் இறந்துபோனார்.

தட்டு ஆயிரத்துச் சொச்சம் விற்றது. இரண்டு ஆண்டில் குழு கலைந்தது. நான் டிரம்ஸை விட்டு லாரி ஓட்டப் போனேன். எவால்ட் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு குழுவுக்கு வரவே இல்லை. சண்டையும் போடவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பான். தட்டு வந்த கையோடு நான் சுரங்கத்தை விட்டிருந்தேன்; குளியல் கூடத்தில் அதன் பிறகு அவன் பாடவில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள்.

அப்பாவைத் தின்ற தூசி அவனையும் விடவில்லை. 1993 குளிர்காலத்தில் அவனைப் பார்க்கப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொன்னான்.

ஹாம்பர்க்கில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். இருபத்து மூன்று ஆண்டாகச் சொல்லாதது, சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

“முதல்ல கை தூக்கினது... யோஹென்னுதான்... நினைச்சிருந்தேன்.”

“இல்ல. நான்.”

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“காப்பி ஆறுது” என்றான். “குடி.”

மார்ச்சில் அவனை அடக்கம் செய்தோம்.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு சிறு நிறுவனம் அந்தத் தட்டை மறுபடி வெளியிட வந்தது. பழைய ரெக்கார்டுகளைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் இப்போது அதற்கு அடித்துக்கொள்கிறார்களாம். எவால்ட் பாடிய ஒலிநாடா எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். தேடினார்கள். நாடாவில் இடம் போதாமல் அவன் குரலை அழித்துவிட்டு, அதே இடத்தில்தான் லிவர்பூல்காரனைப் பாடவைத்திருந்தார்கள்.

கெர்லிண்டிடம் போய்ச் சொன்னேன். அவள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

“அப்போ எங்கேயுமே இல்லையா?”

“இல்ல, கெர்லிண்ட்.”

“அது அவர் குரல் இல்லேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். ‘அப்பா சாகுற வரைக்கும் வாயைத் திறக்காதே’ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். மாமா செத்தப்புறம், ‘இனிமே சொல்லலாமே’ன்னு கேட்டேன். ‘யார்கிட்ட சொல்ல’ன்னாரு.” அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “நீ போ, வோல்க்மார். நான் உன்மேல கோபப்படல. ஆனா இனிமே வராதே.”

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. அந்தத் தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்போதும் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். எந்த டிரம், எந்த மைக் என்று கேட்கிறார்கள். நான் எவால்டிலிருந்துதான் தொடங்குகிறேன். தலையாட்டிக் குறித்துக்கொள்கிறார்கள். அச்சில் வரும்போது டிரம்ஸும் மைக்கும்தான் இருக்கின்றன.