டிரைவர் முதுகில் என் பந்து

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை போகும் பஸ் அச்சுவேலியில் தேநீருக்கு நிற்கிறது. நான் கடைச் சுவரோடு ஒட்டி நின்று, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து உருட்டுகிறேன். மூன்று வருடக் கழுத்து வலிக்குச் சென்னையில் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த வைத்தியம் இது. வெட்கத்தை விட்டால்தான் பலிக்கும்.

தேநீரும் கையுமாக டிரைவர் வந்து நிற்கிறார்.

"என்ன பிள்ளை, மாடு மாதிரி மதிலிலை உரஞ்சிறியள்?"

தசையில் முடிச்சு ஓரிடத்தில் இருக்கும், வலி வேறிடத்தில் தெரியும், முடிச்சை அழுத்திப் பிடித்தால் வலி இளகும் என்று விளக்குகிறேன்.

"கழுத்து நோவுக்கு முதுகிலை பந்தோ? நல்ல கதை. எனக்கும் இருபது வருசமாக் கழுத்து நோ. தாங்கோ பாப்பம்."

சாய்கிறார். தோள்பட்டைக்குக் கீழே ஓரிடத்தில் பந்து நிற்கிறது.

"ஐயோ அம்மா!"

கடையே திரும்பிப் பார்க்கிறது. அவர் கண்ணில் நீரோடு கழுத்தை இடமும் வலமும் திருப்புகிறார். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் திருப்புகிறார்.

பஸ் புறப்படுகிறது. பந்து இப்போது அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில். ஒவ்வொரு பள்ளத்திலும் "ஆ" என்கிறார். சுகமா வேதனையா என்று தெரியாமல் பயணிகள் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

தொண்டைமானாறு வருகிறது. இறங்குவதற்காக எழுந்து பந்தைக் கேட்கிறேன்.

"பொறுங்கோ பிள்ளை, இப்பதான் இளகுது. பருத்தித்துறையிலை தாறன்."

நான் இறங்க வேண்டிய ஊர் பின்னால் போகிறது. திரும்பிப் பார்க்க ஆசைதான். கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது.