பஸ் ஸ்டாண்டில் வாங்கிய டயர்

பேரம் பேசாமல் நான் கத்தரிக்காய்கூட வாங்கியதில்லை. நான் பேரத்தைத் தொடங்கினால் என் கணவர் இரண்டு கடை தள்ளிப் போய் நின்றுகொள்வார். அப்படிப்பட்ட நான் சைக்கிள் சாமான் மட்டும் சொன்ன விலைக்கு வாங்கினேன். அதுவும் ஊரிலேயே விலை அதிகமான கடையில்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்தது அந்தக் கடை. நடத்தியவர் வயதான முஸ்லிம். தெருவுக்கே அவர் பாய். அறுபதுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய சைக்கிள் கடை ஒன்று வந்தது. டயர், டியூப், பெல் எல்லாம் அங்கே மலிவு. பாயே அங்கே போய் வாங்கிவந்து, மேலே கொஞ்சம் வைத்துத்தான் விற்பார். "அவரு வாங்கற எடத்துலியே நீயும் வாங்கினா என்னா?" என்று என் கணவர் கேட்பார். அவர் சொல்வது சரிதான். சரியாக இருப்பதால்தான் எனக்குக் கோபம் வரும்.

நான் பிரசவம் பார்க்கும் நர்ஸ். திருப்பருத்திக்குன்றமும் அதைத் தாண்டிய கிராமங்களும் என் பொறுப்பு. சர்க்கார் கொடுத்த சைக்கிளில் நான் முதன்முதலில் தெருவில் இறங்கியபோது, தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. இரண்டாம் நாளே முந்தானை பின்சக்கரத்தில் சிக்கி விழுந்தேன். தெரு சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. பக்கத்துத் தறிக்காரரிடம் கழிவு நூல் வாங்கி முறுக்கி, சக்கரத்தின் இரு பக்கமும் வலை கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதுதான் என் கடை.

பஸ் ஸ்டாண்டில் சாமான் வாங்கிவிட்டு, ஓசியில் காற்றடிக்க மட்டும் பாயிடம் வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "காத்தையும் அங்கியே அடிச்சிக்கறதுதானே?" என்று தெருவில் வைத்தே கேட்டிருக்கிறேன். பாய் தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார். என்னால்தான் அந்தக் கடை ஓடுகிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஐப்பசியில் பின் டயர் தேய்ந்துபோயிற்று. மழை பிடிப்பதற்குள் மாற்ற வேண்டும் என்று பாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு நூல். அதை ஒட்டி ஒதுங்கி ஒதுங்கி நடந்து பாயின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குமுன் வந்ததே இல்லை. காபி கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, கோச்சிக்கக் கூடாது. அந்த டயரை நீங்க பஸ் ஸ்டாண்டுலியே வாங்கிக்குங்கம்மா."

பாய்க்கு என்மேல் ஏதாவது வருத்தமா என்று பதறினேன்.

"அவருக்கு நான் வந்தது தெரியாது. வாணியம்பாடியில எங்க பொண்ணு ரொம்ப நாளா கூப்ட்டுக்கினு இருக்குது. கைக்கொயந்தைய வச்சிக்கினு ஒத்தையா கஷ்டப்படுது. கடைய மூடிட்டுப் போவலாம்னா இவரு கேக்கல. வியாபாரமே இல்லியே, யாருக்குத் தொறந்து வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். நர்ஸம்மா வேற கடைக்குப் போவ மாட்டாங்க, அவங்கள எப்படி வுட்டுட்டுப் போறதுன்றார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் பிழைக்கட்டும் என்று நான் வாங்கிக்கொண்டிருந்தேன். நான் திண்டாடக் கூடாது என்று அவர் கடை திறந்துகொண்டிருந்தார். நடுவில் இந்த அம்மாள் பேரக்குழந்தையைத் தூக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"நானே அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம்மா. ரோஷக்காரர். நான் சொல்லித்தான் சொல்றீங்கன்னு தெரிஞ்சா இன்னும் கெட்டியா உக்காந்துக்குவார்."

அன்று மாலையே பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அங்கிருந்த இரண்டு ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். டயரை மாட்டச் சொல்லி, பேரம் பேசாமல் காசைக் கொடுத்தேன். திரும்பும்போது பாயின் கண்ணில் படாமல் சுற்றுவழியாக வந்திருக்கலாம். கண்ணில் படுவதற்காகத்தானே வாங்கினேன்? நேரே கடை வாசலில் போய் இறங்கினேன்.

பாய் எழுந்து வந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். எனக்கென்று வாங்கிவந்த டயர், சுற்றிய காகிதம் பிரிக்காமல், அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுல வாங்கினேன் பாய். மலிவா இருக்குது. இனிமே அங்கியே பாத்துக்கலாம்னு இருக்கேன்."

பிரசவத்துக்குப் பயந்த பெண்களிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எதுவும் இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

பாய் டயரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அங்க மரியாதையா நடத்தறாங்களாம்மா?"

"நல்லா நடத்தறாங்க பாய்."

"அப்போ சரி" என்றார்.

தீபாவளிக்கு முன்பே கடையை மூடிவிட்டார்கள். புறப்படும் அன்று அவர் மனைவி மட்டும் உள்ளே வந்து என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போனார். பாய் மூட்டை முடிச்சுகளோடு தெருமுனையில் நின்றார், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொன்னால் அந்த மனிதர் மூட்டையைக் கீழே இறக்கிவிடுவார். வண்டி கிளம்பும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.