அம்மா எறிந்த பந்து

மாமா ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவாகிவிட்டார் என்பது, அவர் எங்களிடம் சொன்ன மறுநாளே என் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிழக்கு லண்டன் பூங்காக்களில் ஞாயிறுதோறும் பேஸ்போல் ஆடுகிறவர்களில் நல்லவர்களைப் பொறுக்கித் தெற்கு லண்டன்காரரோடு மோதவிடும் ஆட்டம்தான் அது என்பதை நான் சொல்லவில்லை. மாமாவின் அணி தோற்றால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது என்பது மட்டுமே என் கவலை.

மாமா அம்மாவின் தம்பி. டொரொண்டோவில் சில வருடங்கள் இருந்துவிட்டு, இந்த விளையாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். இல்ஃபோர்டிலிருந்து ஃபாரஸ்ட் கேட் பூங்காவுக்கு மடக்கு நாற்காலிகளும் ஒரு பெட்டி மீன் ரோல்ஸும் கொண்டு போனோம். அப்பா கிரிக்கெட் ஆள். முதல் பந்திலிருந்தே குறை சொன்னார்.

“மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறான். விசரனே?”

“பின்னென்ன, காவிக்கொண்டே ஓடுறது?” என்றார் அம்மா.

கடைசிச் சுற்றில் நாங்கள் இரண்டு ஓட்டங்கள் முன்னால் நின்றோம். எதிரணியில் இன்னும் ஒருவரை அவுட் ஆக்கினால் வெற்றி. அப்போது மாமாவின் கணுக்கால் பிசகியது. மாற்றாட்கள் இருவரும் வேலை ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். களத்தில் ஒன்பது பேர் இல்லாவிட்டால் தோல்வி என்பது விதி. மாமா நொண்டிக்கொண்டு வந்து அப்பாவைப் பார்த்தார்.

“எனக்கு முழங்கால் ஏலாது,” என்றார் அப்பா.

“அக்கா, நீ வா. சும்மா அந்த ஓரத்தில நில். அங்க ஒரு பந்தும் வராது.”

அடுத்த பந்தே அங்குதான் வந்தது. அம்மா ஓடிப்போய் எடுத்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும், ஓடுகிறவர் வந்து தொடவேண்டிய கடைசி பேஸைக் காட்டிக் கத்தினார்கள். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. மூன்றாவது பேஸைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த எதிரணியின் நெட்டை மனிதரைக் குறிவைத்து எறிந்தார். பந்து அவருடைய பின்புறத்தில் போய்ப் பட்டது.

“அவுட்!” என்று அம்மா இரண்டு கைகளையும் தூக்கினார்.

நெட்டை மனிதர் பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே ஓடி முடித்தார். அவர்களுக்கு ஓர் ஓட்டம். நான் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“அக்கா! இது எல்லே இல்லை!” என்று மாமா கத்தினார். “ஆளுக்கு எறியக் கூடாது, பேஸுக்கு எறி!”

எல்லே என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். இலங்கைப் பள்ளிக்கூடங்களில், தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டாம். ஓடுகிறவர்மீது பந்து பட்டால் அவர் அவுட். அம்மா பள்ளிக்கூட அணியில் ஆடியவர் என்றும் மாமா சொன்னார். அப்பாவுக்கும் அது புதுச் செய்தி.

அதற்குள் அடுத்தவர் ஓங்கி அடித்துவிட்டார். பந்து மரங்களுக்கு மேலே எழுந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தபடியே, இரவல் வாங்கிய கையுறையைக் கழற்றிப் புல்லில் போட்டார்.

“ஐயோ, அதைக் கழட்டாதை!” என்றார் மாமா.

அம்மா ஐந்தடி பின்னால் போனார். வெறுங்கைகளைச் சேர்த்தார். பந்து உள்ளங்கையில் விழுந்த சத்தம் எங்கள் நாற்காலிவரை கேட்டது.

வென்றுவிட்டோம். களத்துக்குள் முதலில் ஓடியவர் அப்பா, முழங்காலை மறந்துவிட்டார். கிண்ணத்தை அம்மாவிடம்தான் முதலில் கொடுத்தார்கள். கைகள் சிவந்து வீங்கியிருந்ததால் அவர் அதை மணிக்கட்டுகளால் ஏந்திக்கொண்டார். எதிரணியில் மிகப் பலமாகக் கைதட்டியவர் அந்த நெட்டை மனிதர்.

திங்கட்கிழமை வகுப்பில் நான் அந்தப் பிடியை இரண்டு தடவை நடித்துக் காட்டினேன். மாலையில் அம்மா உறைந்த பட்டாணிப் பக்கற்றை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, என்னென்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன்.

“அந்த எறியைச் சொல்லேல்லையோ?”

“இல்லை அம்மா. அது பிழையெல்லோ?”

அம்மா பக்கற்றை மற்றக் கைக்கு மாற்றினார்.

“பிடிக்கிறதை ஆரும் பிடிப்பினம். இது ஓடுற ஆள். அவ்வளவு தூரம். ஒரே எறி.”

பாவம், அம்மாவுக்கு இன்னும் விதி விளங்கவில்லை என்று நினைத்தேன். பொறுமையாக, முதலாவது பேஸிலிருந்து விளக்கத் தொடங்கினேன்.