அவரைச் சிலுவை என்றேன்

என் கணவர் எட்டு வருடம் படுக்கையில் கிடந்தார். படகு எஞ்சின் திருத்துகிறவர். புல்மோட்டையில் ஒரு வேலையை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, வீதியில் நின்ற மாட்டோடு மோதி விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. புத்தியும் நாக்கும் காதும் முன்போலவே இருந்தன. அதைத்தான் நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம்.

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து நாலைந்து பெண்கள் வீட்டுக்கு வந்து செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் முன்னறைக் கதிரைகளில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். அவர் படுத்திருந்த அறைக்கும் அந்தக் கதிரைகளுக்கும் நடுவில் பழைய சேலையில் தைத்த திரை ஒன்றுதான்.

ஐந்தாவது வருடம், அப்படியொரு வெள்ளியன்று, அவர்களில் மூத்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, ஆண்டவர் உமக்கெண்டு தந்த சிலுவை இது. முறுமுறுக்காமல் சுமவும்."

அன்று விடிந்ததிலிருந்து மூன்று தரம் படுக்கை விரிப்பு மாற்றியிருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. நான் படுகிற பாட்டை ஒருவராவது கண்டாரே என்று கண் நிறைந்தது.

"ஓம் அக்கா, சுமக்கத்தானே வேணும். இறக்கி வைக்க ஏலாதே" என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அவர்கள் போனபின் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிலுவை எண்டா மரம்தானே?"

"என்ன கதை இது?"

"மரத்துக்குக் காது கேளாது எண்டு நினைச்சிட்டீர்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம்தான் வந்தது. "நான் செய்யிறதில என்ன குறை கண்டீங்கள்? சொல்லுங்கோ!" என்று கத்தினேன்.

"ஒரு குறையும் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்தது. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். குடித்தால் நான் விரிப்பு மாற்ற வேண்டி வருமே. அது எனக்கு விளங்க மாதக்கணக்காயிற்று. சிறுநீரில் கிருமி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதி கேட்டாள், "ஐயா, ஏன் தண்ணி குடிக்கிறேல்லை?"

"தாகம் இல்லை மிஸ்" என்றார், என்னைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் அவர் பக்கத்தில் இருந்தேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை."

"பிழையில்லை. உமக்குப் பாரம்தானே."

"ஓம், பாரம்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அதை எனக்குச் சொல்லியிருக்கலாம். நானும் இந்த உடம்பைத்தானே சுமக்கிறன்" என்றார்.

அதன்பிறகு மூன்று வருடம் இருந்தார். கேட்காமலே தண்ணீர் கொடுத்தேன், கொடுத்தால் குடித்தார். ஆனால் தானாக ஒருநாளும் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று அதே அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "உம்முடைய சிலுவையை ஆண்டவர் இறக்கிப்போட்டார் பிள்ளை" என்றார். அவருடைய கையை எடுத்துவிட்டு உள்ளே போனேன். எல்லோரும் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பெரிய வெள்ளி சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நின்றேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் என் கஷ்டத்தைச் சொல்லி அழுவேன். இந்த முறை சிலுவையில் இருந்த ஆண்டவரின் பாதங்களில் வாய் வைத்தபோது, என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கோயில் வாசலில் பங்குப் பெண்கள் மறித்தார்கள். உட்துறைமுக வீதியில் ஒருத்தியின் தாய் பக்கவாதத்தில் கிடக்கிறாவாம்.

"நீர் எட்டு வருஷம் சிலுவை சுமந்தனீர். வந்து ரெண்டு வார்த்தை சொன்னா அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஆறுதல்!"

"நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.