தோல் கட்டாத பெட்டி

பேரன் போன வாரம் வேலூரிலிருந்து வந்தபோது முதுகில் ஒரு மரப்பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தான். கூடத்தில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, குனிந்து பலகையில் தட்டினான்.

"தாத்தா, இது புது மாடல் டிரம்மு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சித்தப்பாவிடம் இப்படி ஒன்று இருந்தது.

சித்தப்பாவுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. சாயப்பொடி வந்த பிளைவுட் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்னால் ஓட்டை போட்டு, உள்ளே சோடா மூடிகளைக் கம்பியில் கோத்துவிட்டார். எத்தனை கழுவியும் சாயம் போகவில்லை. அவர் எழுந்தால் வேட்டியின் பின்புறம் சிவந்திருக்கும். ஆனால் தோல் மேளம் மாதிரி மழையில் தொய்யாது, நெருப்பில் காட்ட வேண்டாம், பஸ்ஸில் இடமில்லையென்றால் அதிலேயே உட்காரலாம். நடுவில் தட்டினால் அடிவயிற்றில் கேட்கும்; ஓரத்தில் தட்டினால் சிலுசிலுக்கும்.

அந்த வருஷம் அறுப்புப் பண்டிகைக்குச் சர்ச்சில் ஆர்மோனியத்தோடு வாசிக்க முதல்முறையாக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத்தான் கவலை. ஊரே தோலில் பிழைக்கிறது, இவர் வெறும் பலகையைத் தட்டினால் சிரிக்க மாட்டார்களா? முந்தின நாள், டேனரிக்குப் பின்னால் கிழிசல் என்று எறிந்திருந்த ஈர ஆட்டுத்தோலை இழுத்து வந்து, ஷூ ஆணியால் பெட்டியின் முகத்தில் அடித்துவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார்.

"இன்னாடா இது?"

"தோலு கட்டிட்டேன் சித்தப்பா. இனிமே அசல் மேளம்."

"நாளைக்கு இந்த நாத்தத்துல பாஸ்டரு மயங்கி வுழுந்துடுவாரு" என்றாள் அம்மா.

சித்தப்பா சிரிக்கவில்லை, அடிக்கவுமில்லை; முகம் மட்டும் சுண்டிப்போனது. குறடு எடுத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"இதுல தோலு ஏறக்கூடாதுடா" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் பெட்டியைத் திருப்பிப் போட்டு, ஈரம்படாத பக்கப் பலகையில் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஆணி ஓட்டைக்காகத்தான் அவர் முகம் அப்படிப் போனது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது: சித்தப்பாவின் அப்பா, என் தாத்தா, பறை அடித்தவர். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சாப்பாட்டிலிருந்தும் எழுந்து போக வேண்டும். சித்தப்பாவும் சின்ன வயதில் கூடவே போயிருக்கிறார். பலகைப் பெட்டியைச் சாவுக்குக் கூப்பிட ஊருக்குத் தோன்றவில்லை. அதனால்தான் அது தோல் ஏறாமல் பெட்டியாகவே இருந்தது. இதெல்லாம் தெரியாமல் அன்று, அவர் கடைசி ஆணியைப் பிடுங்கும் வரை, எப்போது என்னைப் பாராட்டுவார் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.